குறுகிய தூர வெளிநாட்டுப் பயணத்தில் பிசினஸ் வகுப்பு: கவனிக்க வேண்டியவை என்ன?

கொச்சி: மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையத்தைச் சாலை வழியே அடைவதற்கு ஆகும் நேரத்தைவிட, அங்கிருந்து கொழும்புக்குப் பறக்கும் நேரம் பல நாள்களில் அதிகமாக இருப்பதில்லை. இத்தகைய வழித்தடத்தில், முன்பின் பழகாத விமான நிறுவனத்தின் பிசினஸ் வகுப்புப் பயணச்சீட்டை வாங்குவோர், இருக்கையைவிட நிபந்தனைகளையே முதலில் பார்க்க வேண்டும்.

கொழும்பு, மாலே வழித்தடங்களில் பெரும்பாலும் ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய விமானங்களே இயக்கப்படுகின்றன. அவற்றில் படுக்கையாக விரியும் இருக்கை அரிது. எனவே, தனி வரிசை, ஓய்வுக்கூடம், கூடுதல் சுமை, தேதியை மாற்றும் வசதி ஆகியவையே கூடுதல் கட்டணத்தின் முக்கியப் பயன்கள். இவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பயணச்சீட்டை விற்பதும் விமானத்தை இயக்குவதும் ஒரே நிறுவனமா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பயணியின் விருப்பமின்றிக் கீழ்வகுப்பில் இடம் அளித்தால் என்ன ஆகும்? சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைப்படுத்திய விதிப்படி, சர்வதேசப் பயணத்தில் 1,500 கி.மீ. வரை, வரி உள்பட கட்டணத்தில் 30 சதவீதம் திருப்பித் தரப்பட வேண்டும். 3,500 கி.மீ. வரை 50 சதவீதம்; அதற்கு மேல் 75 சதவீதம்.

கொழும்பும் மாலேயும் முதல் பிரிவில் அடங்கும். பிசினஸ் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைப்போல் இரு மடங்கு எனில், கூடுதலாகச் செலுத்தியது பாதித் தொகை; திரும்பக் கிடைப்பதோ 30 சதவீதம் மட்டுமே.

ஆகவே, வெளிநாட்டு நிறுவனமாயின் அதன் சொந்த நிபந்தனைகளையும் முன்பே படிப்பது அவசியம். வகுப்பு மாற்றத்தை எழுத்துபூர்வமாகப் பெற்று, போர்டிங் பாஸைப் பாதுகாத்து வைத்தால், மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் அளிக்க உதவும்.