லேசர் ஆயுதத்துக்கு வழிமறிக்கும் கண்ணாடி

புது தில்லி: ஆந்திர மாநிலம் கர்னூலில் உள்ள திறந்தவெளி சோதனைத் தளத்தில் 2025 ஏப்ரல் 13-ஆம் தேதி, வாகனத்தில் பொருத்தப்பட்ட லேசர் கருவி ஒன்று வானில் பறந்த ஆளில்லா விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. குண்டு இல்லை, ஏவுகணை இல்லை, ஒளி மட்டுமே பாய்ந்தது. கூட்டமாக ஏவப்பட்ட சிறிய ட்ரோன்களும் அதற்குத் தப்பவில்லை. தமக்குத் தெரிந்தவரை அமெரிக்கா, ரஷியா, சீனா ஆகிய நாடுகளே இதுவரை இந்தத் திறனைக் காட்டியுள்ளன என்று பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பின் (டி.ஆர்.டி.ஓ.) தலைவர் சமீர் காமத் அப்போது பெருமிதத்துடன் கூறினார்.

அடுத்த மாதமே இதன் தேவை என்ன என்பது எல்லையில் தெரிந்தது. மே 8-ஆம் தேதி இரவு பாகிஸ்தான் 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 ட்ரோன்கள் வரை அனுப்பியதாக அரசே அறிவித்தது. விலை மலிந்த ட்ரோனை வீழ்த்த விலை உயர்ந்த ஏவுகணையைச் செலவிடுவது எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது. லேசர் கருவியால் சில விநாடிகள் சுடுவதற்கோ ஓரிரு லிட்டர் பெட்ரோலின் விலைதான் ஆகும் என்பது அதிகாரிகள் தரும் கணக்கு. 2025 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஒடிசா கடற்கரையில் நடந்த ஒருங்கிணைந்த வான் பாதுகாப்பு சோதனையில், இரு வகை ஏவுகணைகளுடன் லேசர் ஆயுதமும் சேர்ந்து இயங்கியது.

கர்னூல் கருவியின் திறன் 30 கிலோவாட் என்றும், அது 5 கி.மீ. தொலைவு வரை பாயும் என்றும் செய்திகள் தெரிவிக்கின்றன. இஸ்ரேல் 2025 டிசம்பரில் தன் ராணுவத்திடம் ஒப்படைத்த "அயர்ன் பீம்" 100 கிலோவாட் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டிலேயே 300 கிலோவாட் லேசர் ஒன்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் தரப்பட்டுவிட்டது. இந்தியாவும் 300 கிலோவாட்டை நோக்கிச் செல்லத் திட்டமிட்டிருப்பதாகப் பேசப்படுகிறது. லேசரின் ஆற்றலைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒளி வெளியேறும் வழியில் லென்ஸ்களும் ஒரு சாளரக் கண்ணாடியும் இருக்கின்றன. அவை வெப்பத்தைத் தாங்கவில்லை என்றால் கூட்டிய ஆற்றலால் பயனில்லை.

சாலிடரிங் கருவியின் சூடு

30 கிலோவாட் என்பது வீட்டில் வெந்நீருக்குப் பயன்படும் 15 கீசர்கள் ஒரே நேரத்தில் இயங்குவதற்குச் சமம். அந்த ஆற்றல் முழுவதும் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய கண்ணாடி வழியே செல்வதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை உறிஞ்சினாலும் 30 வாட் வெப்பம் அதிலேயே தங்கிவிடும். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையிலுள்ள சாலிடரிங் கருவி தரும் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். 300 கிலோவாட் என்றால் பத்து சாலிடரிங் கருவிகளைக் கண்ணாடியின் நடுவில் வைத்தது போலாகும்.

கண்ணாடி வெடித்துவிடும் என்பது முதல் அச்சம். அதைவிட விரைவில் நேர்வது வேறொன்று. கோடைப் பகலில் தார்ச்சாலையின் மீது கானல் நீர் தெரிவதற்குக் காரணம், சூடான காற்றில் ஒளிவிலகல் மாறுவதே. கண்ணாடிக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. ஒளிக்கற்றை பாயும் நடுப்பகுதி சூடாகிறது. விளிம்பு குளிர்ந்தே இருக்கிறது. நடுப்பகுதி சற்றே உப்பி, அங்கு ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. தட்டையாக இருந்த கண்ணாடி, யாரும் வடிவமைக்காத ஒரு லென்ஸாகிவிடுகிறது. குவிய வேண்டிய இடத்தில் ஒளி குவிவதில்லை.

5 கி.மீ. தொலைவில் விழும் ஒளிப்புள்ளியின் விட்டம் இரு மடங்கானால், அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒரு ட்ரோனை எரிக்க சில விநாடிகள் போதும் என்பது அதன் பிறகு உண்மையாக இராது. லேசர் ஒரே ட்ரோனைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூட்டத்தில் மற்றவை கடந்து போய்விடும். அதிக நேரம் சுட்டால் கண்ணாடியின் சூடும் ஏறிக்கொண்டே போகும் என்பது இதிலுள்ள வேடிக்கை.

ஆடியாக இருந்தால் சிக்கல் குறைவு. ஒளி முன்பக்கத்தில் பட்டுத் திரும்பிவிடும் என்பதால் பின்பக்கத்தில் நுண்ணிய கால்வாய்கள் அமைத்து நீரைச் செலுத்தலாம். செம்பு, சிலிக்கான் ஆடிகளில் இது பழகிப்போன முறை. ஒளி ஊடுருவும் கண்ணாடிக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை; இரு முகங்களும் ஒளியின் பாதையே. மிஞ்சுவது விளிம்பு. விளிம்பைக் குளிர்வித்தால் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே வெப்ப வேறுபாடு உண்டாகிறது. அந்த வேறுபாடுதானே கண்ணாடியை லென்ஸாக்குகிறது?

பழைய பெரும் வாயு லேசர்களில் கண்ணாடியையே எடுத்துவிட்டு, வேகமாகப் பாயும் வாயுத் திரையைச் சாளரமாக வைத்த முறை உண்டு. இன்றைய ஆயுதங்கள் கண்ணாடி இழையில் ஒளியை உருவாக்குபவை. இழையின் முனையில் ஒட்டப்படும் சிறு சிலிக்கா துண்டு தொடங்கி வெளிச்சாளரம் வரை எல்லாமே ஒளி ஊடுருவும் பொருள்கள். கண்ணாடியிலிருந்து இனித் தப்ப முடியாது.

மூன்று வழிகள்

உலகின் ஆய்வுக்கூடங்கள் மூன்று வழிகளில் இதை அணுகுகின்றன. முதலாவது, உறிஞ்சுதலையே ஒழிப்பது. மிகத் தூய உருகிய சிலிக்கா, ஒரு செ.மீ. தடிமனில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியையே உறிஞ்சும். அந்தத் தூய்மைக்குப் பிறகு குற்றவாளி இடம் மாறுகிறது: கண்ணாடியின் மீது பூசப்படும் நுண்படலங்கள் சூடாகின்றன. மேலே படியும் ஒரு துகள் தூசும் எரிந்து கண்ணாடியில் வடுவை ஏற்படுத்திவிடும். ராஜஸ்தான் பாலைவனத்தில் நிறுத்தப்படும் கருவிக்கு இது சிறிய கவலை அல்ல.

இரண்டாவது, வெப்பத்தை விரைந்து கடத்தும் பொருளைத் தேடுவது. வெப்பக் கடத்துத்திறனில் உருகிய சிலிக்காவின் அளவு 1.4 என்றால், நிறமற்ற செயற்கை நீலக்கல்லின் அளவு அதைப்போல் சுமார் 25 மடங்கு. செம்பின் அளவு 400. வைரத்துக்கு ஏறக்குறைய 2,000. வெப்பம் ஏறினால் ஒளிவிலகல் எண் கூடாமல் குறையும் கால்சியம் புளூரைடையும் சிலிக்காவையும் இணையாக வைத்து, ஒன்றின் பிழையை மற்றொன்றால் ஈடுசெய்வதும் உண்டு.

மூன்றாவது வழி, கண்ணாடியின் முகத்தையே குளிர்விப்பது. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒளி ஊடுருவும் திரவத்தையோ வாயுவையோ ஓடவிடுகிறார்கள். திரவத்தில் சிறு சுழல் எழுந்தாலும் ஒளி கலங்கும். ஹீலியத்தின் ஒளிவிலகல் வெற்றிடத்துக்கு மிக அருகில் இருப்பதால் அந்தக் கலக்கம் குறைவு. பிரிட்டனின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடம் உருவாக்கி, செக் குடியரசின் ஹைலேஸ் மையத்தில் நிறுவப்பட்ட லேசரில், ஒளி ஊடுருவும் செராமிக் தகடுகளுக்கு இடையே குளிர்ந்த ஹீலியம் வேகமாகப் பாய்கிறது. விநாடிக்கு 10 முறை, ஒவ்வொரு முறையும் 100 ஜூல் வீதம், 2016 டிசம்பரில் அது ஒரு கிலோவாட் சராசரி ஆற்றலை எட்டியது.

குளிர்விக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடம் சாட்சி. அங்கு 192 ஒளிக்கற்றைகளைக் கொண்ட லேசர், 2022 டிசம்பர் 5-ஆம் தேதி 2.05 மெகாஜூல் ஆற்றலைச் செலுத்தி, அணுக்கரு இணைவில் 3.15 மெகாஜூலைப் பெற்றது. உலகமே பாராட்டிய அந்த லேசரை ஒருமுறை சுட்டபின், அதன் கண்ணாடிப் பாளங்கள் ஆறுவதற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடம் காத்திருக்கும். போர்முனையில் முடியுமா?

பட்டியலில் ஒரு வரி

இந்தக் கண்ணாடிகளை விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே என்ற கேள்வி இயல்பானது. லேசர் தரத்திலான உருகிய சிலிக்காவைப் பெரிய அளவில் தயாரிப்பவை ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் நாடுகளைச் சேர்ந்த சில நிறுவனங்களே. லிவர்மோர் லேசரின் பாளங்களையும் ஜெர்மனியின் ஷாட், ஜப்பானின் ஹோயா நிறுவனங்களே உருக்கித் தந்தன.

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான வாசனார் ஏற்பாட்டின் பட்டியல் இதில் மிக நுணுக்கமானது. பாய்மத்தை உள்ளே ஓடவிட்டுக் குளிர்விக்கும் ஆடிகள், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட லேசர்களுக்கென வடிவமைத்த ஒளி ஊடுருவும் பாகங்கள் ஆகியவை அதில் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஒளியியல் மேற்பரப்புக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் பாய்மம் ஓட வேண்டும் என்று குளிர்விக்கும் முறைக்கே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆவிப்படிவு முறையில் வளர்த்த துத்தநாக செலினைடு, துத்தநாக சல்ஃபைடு பாளங்களும் பட்டியலில் உண்டு. இந்தியா 2017 டிசம்பரில் இந்த ஏற்பாட்டில் உறுப்பினரானது. உறுப்பினராவதால் பொருள் கிடைத்துவிடாது. ஒவ்வொரு உரிமமும் விற்கும் நாட்டின் விருப்பத்தைப் பொறுத்ததே. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடைப் பட்டியலில் இடம்பெற்ற டி.ஆர்.டி.ஓ., 2011 ஜனவரியில்தான் அதிலிருந்து நீக்கப்பட்டது.

கண்ணாடியில் இந்தியா அனுபவமற்ற நாடு அல்ல. தொலைநோக்கிக்கும் பீரங்கியின் குறிநோக்கிக்கும் தேவையான ஒளியியல் கண்ணாடியைச் சில நாடுகள் மட்டுமே ரகசியமாகக் காத்துவந்த காலத்தில், கொல்கத்தா ஜாதவ்பூரிலுள்ள மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிலையம் ஆத்மா ராம் தலைமையில் அதைச் சொந்தமாக உருவாக்கியது. அவர் பின்னர் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநரானார். இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தின் லேசர்களுக்கான பாஸ்பேட் கண்ணாடியிலும் அதே நிலையம் உழைத்திருக்கிறது. ஹைதராபாதில் மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள ஏ.ஆர்.சி.ஐ. மையம், ஸ்பினெல் எனும் ஒளி ஊடுருவும் செராமிக்கையும் துத்தநாக சல்ஃபைடையும் உருவாக்கி வருகிறது. டேராடூனில் டி.ஆர்.டி.ஓ.வின் ஒளியியல் கூடம் இருக்கிறது. திறமை இருக்கிறது, ஆனால் அது மூன்று அமைச்சகங்களிலும் நான்கு நகரங்களிலும் சிதறிக் கிடக்கிறது.

தலைநகருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. யமுனைக் கரையிலுள்ள மெட்காஃப் இல்லத்தில், 1920-களில் நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்படும் முன், இன்றைய மாநிலங்களவையின் முன்னோடியான அன்றைய மேலவை கூடியது. அதே வளாகத்தில் இயங்கிய பாதுகாப்பு அறிவியல் மையம் 1999-இல் லேசர் மையமாகப் பெயர் மாறி, 100 கிலோவாட் வகையைச் சேர்ந்த "ஆதித்யா" வாயு லேசரை உருவாக்கியது. லேசர் ஆயுதப் பணி பின்னர் ஹைதராபாதுக்கு மாறியது.

பட்ஜெட்டும் வைரமும்

இத்தகைய திட்டங்கள் குறித்து அவைகளில் உறுப்பினர்கள் கேட்டால், தேசப் பாதுகாப்பைக் காட்டி இரண்டு வரியில் பதில் முடிந்துவிடுவது வழக்கம். ஆயுதத்தின் திறனை வெளியிட முடியாது என்பது நியாயமே. கண்ணாடி உருக்கும் உலை எத்தனை, எங்கே என்பதிலும் அந்த ரகசியம் தேவைதானா என்பது கேட்கத்தக்கது.

2025-26 பட்ஜெட்டில் டி.ஆர்.டி.ஓ.வுக்கு ரூ. 26,816.82 கோடி ஒதுக்கப்பட்டது. முந்தைய ஆண்டைவிட 12 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்றாலும், ரூ. 6.81 லட்சம் கோடியான மொத்தப் பாதுகாப்பு ஒதுக்கீட்டில் அது 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவே. பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியில் 25 சதவீதம் தொழில் துறைக்கும் புதிய நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் என்று 2022 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. எனினும் ஆண்டுக்கு ஒரு சில பாளங்களே விற்கக்கூடிய பொருளுக்காகத் தனியார் எவரும் உலை வைக்க முன்வருவது கடினம். கொள்முதல் உறுதி இல்லாத இடத்தில் மானியம் மட்டும் போதாது.

2023 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரங்களுக்கான ஐந்தாண்டு ஆராய்ச்சி மானியத்தை ஒரு ஐ.ஐ.டி.க்கு அறிவித்தார். சென்னை ஐ.ஐ.டி.க்குச் சுமார் ரூ. 242 கோடியில் அந்த மையம் கிடைத்தது. வைரம் வளர்க்கத் தேவையான விதைகளையும் இயந்திரங்களையும் இறக்குமதி செய்வதைக் குறைப்பதே அறிவிக்கப்பட்ட நோக்கம். எதிரே இருந்தது சூரத்தின் நகைச் சந்தை.

ஆவிப்படிவு முறையில் வளர்த்த வைரத் தகடுகள், அதிக ஆற்றல் கொண்ட கரியமில வாயு லேசர்களில் சாளரமாக ஏற்கெனவே பயன்படுகின்றன. லேசர் படிகத்தோடு ஒட்டி வெப்பத்தை இழுத்துவிடவும் வைரம் உதவுகிறது. இன்றைய ஆயுத லேசர்களின் ஒரு மைக்ரான் அலைநீளத்தில், வைரம் உறிஞ்சும் ஒளியின் அளவை இன்னும் குறைக்க வேண்டியிருக்கிறது. நகைக்கான கல்லை காரட் கணக்கில் எடை பார்ப்பார்கள். சாளரத்துக்கு வேண்டியது பல செ.மீ. அகலமுள்ள, மாசற்ற, சமமாக மெருகேற்றிய தகடு. வளர்க்கும் உலையின் அடிப்படை ஒன்றே. கேட்கப்படும் பொருள் வேறு. அப்படியொரு தகடு வேண்டும் என்று சூரத் வணிகர் கேட்கப்போவதில்லை. பாதுகாப்பு அமைச்சகம்தான் கேட்க வேண்டும். சென்னை மையத்துக்கான ஐந்தாண்டு மானியத்தில் பாதிக் காலம் கடந்துவிட்டது.