தீராத வயிற்று வலி



பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி ஒன்று வரும். "தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த பெண் தற்கொலை." நாலே வரி. ஐயோ பாவம் என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறோம். "வீட்டுச் சண்டையை மறைக்க அப்படி எழுதிக் குடுப்பாங்க" என்று சொல்பவர்களும் உண்டு. சில நேரம் அப்படியும் இருக்கலாம். ஆனால் வலி நிஜமாகவே இருந்திருந்தால்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், நாட்டில் நடந்த தற்கொலைகளுக்குக் காரணமாகக் குடும்பப் பிரச்சினைக்கு அடுத்தபடி நோய்தான் இருக்கிறது. நூற்றுக்குப் பதினெட்டுக்கும் மேல்.

கெடார் பக்கத்தில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர். வரிசையாக மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. நாமும் சட்டப்படி அபராதம் போட்டு நோட்டில் எழுதினோம். நாலாவது கூட்டத்துக்கு வந்தவர் பணத்தை வைத்துவிட்டு, "அக்கா, குந்தி மல்லாட்டை ஆய முடியல. அடிவயிறு புடிச்சி இழுக்குது. ராத்திரி வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு. ரெண்டு வருசமாச்சி" என்றார். இரண்டு வருடமாக வாராவாரம் நம் பாயில் உட்கார்ந்தவர். ஒருத்தரும் கேட்கவில்லை.

தொப்புளுக்குக் கீழே, இடுப்புக்குள் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் வலியை நாள்பட்ட வலி என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். காரணம் ஒன்றல்ல. கர்ப்பப்பையில், சினைக்குழாயில் பழைய கிருமித் தொற்று இருக்கலாம். கட்டி இருக்கலாம். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். பிள்ளை பெறும் வயதில் பத்துப் பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூத்திரப்பை, குடல், இடுப்புத் தசை இவற்றாலும் வலி வரும். இதில் பல ஸ்கேனில் தெரியாது. "ஸ்கேன் நார்மல், உனக்கு ஒண்ணுமில்ல" என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை.

மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங், அவர் கணவர் டாக்டர் அபய் பங் இருவரும் இரண்டு கிராமத்தில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 1989இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்ணுறுப்பு, கர்ப்பப்பை சம்பந்தமான ஏதோ ஒரு நோய் இருந்தது. அதற்கு முன் இதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான். பொறுத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல என்று தெரிகிறது.

இனி மனசுக்கு வருவோம். திருடனைப் பார்த்துவிட்ட நாய் அப்புறம் சருகு அசைந்தாலும் குரைக்கும். நரம்பும் அப்படித்தான். பல மாதம் வலியைச் சுமந்த நரம்பு, சின்ன அழுத்தத்தையும் பெரிய வலியாக மூளைக்குச் சொல்லும். தூக்கம் கெட்டால், பயந்தால், வீட்டில் ஏச்சு விழுந்தால் அது இன்னும் கூடும். வலி கூடினால் தூக்கம் போகும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகும். பிள்ளையை அடித்துவிட்டுத் தானே அழுவது, சோறு இறங்காதது, யாரையும் பார்க்கப் பிடிக்காதது, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற நினைப்பு எல்லாம் இப்படித்தான் வருகிறது. சோம்பேறித்தனம் இல்லை. காத்து கருப்பும் இல்லை.

கணவன் மனைவிக்குள் இது பெரிய விரிசல் உண்டாக்கும். சேரும்போது வலிக்கிறது என்று சொல்ல வெட்கம். சொல்லாமல் விலகினால் சந்தேகம். நாம் சொன்ன சகோதரிக்கும் அதுதான் நடந்தது. டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போன பிறகுதான் அவர் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்தது.

டாக்டரிடம் போகுமுன் ஒரு மாதமாவது பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், தூரமான நாளா, மூத்திரம் போகும்போதா, வேலைக்குப் பிறகா என்று. எழுதத் தெரியாதவர் காலண்டரில் கோடு போடலாம். பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடியாவிட்டால் விழுப்புரம் போய் பஸ் மாறி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மகப்பேறு பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே இடத்தில் உண்டு. காய்ச்சலோடு வலி, நாள் தள்ளிப்போய் திடீர் வலி மயக்கம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் என்றால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும்.

மன அழுத்தத்துக்குத் தரும் மாத்திரையைச் சிலருக்குக் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தருவார்கள். "என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டாங்க" என்று தூக்கிப் போடாதீர்கள்.

"கர்ப்பப்பையை எடுத்துடு, எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். நம்மைப் போலவே கரும்பு வெட்டப் போகும் பீட் மாவட்டப் பெண்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேவையில்லாத இந்த ஆபரேஷன்களைத் தடுக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிலருக்கு அந்த ஆபரேஷன் தேவைதான். ஆனால் வலி தசையிலோ நரம்பிலோ இருந்தால் கர்ப்பப்பை போன பிறகும் வலி இருக்கும். சினைப்பையையும் எடுத்தால் சிறு வயதிலேயே எலும்பு தேயும். கடன் வாங்கி ஆபரேஷனுக்குப் போகுமுன் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள்.

சாகலாம் என்ற நினைப்பு வந்தால், அல்லது உங்கள் குழுவில் யாராவது அப்படிப் பேசினால், தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022இல் தொடங்கியது. ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த நினைப்பு வராது. கேட்டால்தான் மனசு திறக்கும்.

அந்தச் சகோதரிக்கு வலி முழுக்கப் போகவில்லை. மருந்து சாப்பிடுகிறார், சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கிறார், இடுப்புத் தசையைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சி செய்கிறார். "பத்துல எட்டா இருந்தது இப்ப நாலு" என்கிறார். கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போடுகிறோம். வாங்கிய அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வலியால் வராதவருக்கு அபராதம் இல்லை, அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு உறுப்பினர் போய்ப் பார்க்க வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.