வாத்தியம் இல்லாத கச்சேரி

‘ராசாத்தி’ பாட்டைப் பலமுறை கேட்டவர்களுக்குக்கூட ஒரு விஷயம் சட்டென்று பிடிபடாது. அதில் வாத்தியமே கிடையாது. 1993-இல் வந்த ‘திருடா திருடா’ படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான் அமைத்த அந்தப் பாட்டில் ஷாகுல் ஹமீதின் குரலும் பின்னால் வரும் கோரஸ் குரல்களும்தான். ஆனாலும் பாட்டில் எந்தக் குறையும் தெரிவதில்லை.

இதே வித்தையைத் தெருமுனையிலிருந்து வானொலிவரை கொண்டுபோனவர்கள் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள். 1940-களின் கடைசியிலும் 50-களிலும் நியூயார்க், பால்டிமோர், சிகாகோ போன்ற நகரங்களில் வாத்தியம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் நாலைந்து பேராகக் கூடினார்கள். ஒருவர் பாட்டை எடுப்பார். அடிக்குரல்காரர் பொருளில்லாத அசைகளைச் சொல்லியே தாளத்தைத் தாங்குவார். இன்னொருவர் கள்ளக்குரலில் உச்சத்துக்குப் போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு சுரத்தில் நின்று நடுவை நிரப்புவார்கள். இதுதான் டூ-வாப். எதிரொலி உள்ள இடமாகத் தேடிப் போய்ப் பாடினார்கள்: மாடிப்படி, சுரங்க ரயில் நிலையம், பள்ளிக்கூடக் கழிப்பறை. கல்லில் பட்டுக் கனத்துத் திரும்பும் குரலின் சுகம், பிள்ளையார்பட்டிக் குடவரைக்குள் நின்று தேவாரம் கேட்டவர்களுக்கும் தெரியும்.

புகழ் வந்தது; பலன் எல்லோருக்கும் வரவில்லை. 1954-இல் ‘த கார்ட்ஸ்’ என்ற கறுப்பினக் குழு ‘ஷ்-பூம்’ பாட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் ‘க்ரூ கட்ஸ்’ என்ற வெள்ளையர் குழு அதை மறுபடி பாடி முதலிடம் பிடித்தது. உருவாக்கியவர்களை முந்திக்கொண்டு நகல் ஜெயித்த இந்த அநியாயம் அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப நடந்தது. 1999-இல் பிட்ஸ்பர்க் நகரின் பெனடம் அரங்கில் ‘டூ வாப் 50’ என்ற கச்சேரி அந்தத் தலைமுறைப் பாடகர்களை மீண்டும் மேடையேற்றி, தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குக் கொண்டுசென்றது. தாமதமாக வந்தாலும் அது அவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதை.

நம் ஊரில் கூட்டாகப் பாடுவது புதிதல்ல. பஜனை மடத்திலும், செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் வழியிலும் பாட்டு ஓயாது. ஆனால் அங்கே எல்லோரும் பாடுவது ஒரே மெட்டு. பக்கத்தில் நிற்பவர் வேறு சுரத்தில் பாடும்போது தன் சுரத்தை நழுவவிடாமல் நிற்பது வேறு பயிற்சி.

அந்தப் பயிற்சிக்காகத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் எம்.பி.சீனிவாசன். அவர் பெயரின் முதல் எழுத்து மானாமதுரை. பிள்ளையார்பட்டி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்து ஊர். ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தின் இசையமைப்பாளர். யேசுதாஸுக்கு முதல் சினிமாப் பாட்டைக் கொடுத்தவர். சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். சினிமாவுக்கு வெளியே அவர் செய்த காரியம்தான் இன்னும் பெரிது. 1970 வாக்கில் சென்னையில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ குழுவைத் தொடங்கி, பாரதி பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்துப் பாடவைத்தார். சேர்ந்திசை என்று தமிழில் அதற்குப் பெயர். 1988-இல் அவர் லட்சத்தீவில் காலமான பிறகும் அந்தக் குழு பாடிவருகிறது.

இளையராஜாவும் ‘மாயா பஜார்’ (1995) படத்தில் ‘நான் பொறந்து வந்தது’ பாட்டை வெறும் குரல்களாலேயே கட்டியிருக்கிறார். இத்தனை முன்மாதிரிகள் இருந்தும் பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் பதிவுசெய்த இசைக்கு வாயசைத்துக்கொண்டிருப்பது வருத்தம் தருகிறது. சேர்ந்திசையைத் தொடங்கச் செலவே இல்லை. வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒரு வரிசை ஸட்ஜத்திலும் அடுத்தது அந்தர காந்தாரத்திலும் மூன்றாவது பஞ்சமத்திலும் ஒரே சமயத்தில் நீட்டிப் பிடித்து நிற்கட்டும். அது நிலைத்ததும் வரிசைகள் சுரத்தை மாற்றிக்கொள்ளலாம். பிறகு பாரதி பாட்டுக்குப் போகலாம்.