பெற்றோர் கவலையும் பள்ளியின் தரமும்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் பிறந்துவிட்டால், சிங்கப்பூரில் ஆறு வயதுக் குழந்தையுள்ள இல்லங்களில் வேறு பேச்சே இராது. தேக்காச் சந்தையில் கீரை வாங்கும் இடத்திலும் சிராங்கூன் சாலைப் பூக்கடை வாசலிலும், "எந்தப் பள்ளிக்குப் பதிந்தீர்கள்?" என்னும் கேள்விதான் முதலில் எழும். அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேரவிருக்கும் பிள்ளைகளுக்கான பதிவு நடைபெறும் காலம் அது. இவ்வளவு கவலை தேவைதானா, அளவு மீறிவிட்டதா என்று நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பதிவு கட்டம் கட்டமாக நடைபெறுகிறது. அண்ணனோ அக்காளோ படிக்கும் பள்ளியில் தம்பி தங்கையர்க்கு முதற்கட்டத்திலேயே இடம் உண்டு. அடுத்து, அப்பள்ளியின் முன்னாள் மாணவர்களுடைய பிள்ளைகள் முதலானோர். அதன்பின், பள்ளிக்குத் தொண்டூழியம் புரிந்த பெற்றோர். இவர்கள் குறைந்தது 40 மணி நேரம் உழைத்திருத்தல் வேண்டும். இவற்றுள் எதிலும் அடங்காதோர் இறுதியில் வருவர். இடத்துக்குப் போட்டி மிகுந்தால் முதலில் குடிமக்களுக்கும், அவர்களுள்ளும் ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்போர்க்கும் முன்னுரிமை. அதற்கும் மேல் கூட்டம் இருப்பின் குலுக்கல். அண்மையில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்கு முன்னாள் மாணவர் என்னும் உறவு ஏது? அவர்கள் கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டியுள்ளது.

ஆகவே வீடு மாறுகிறார்கள். விரும்பும் பள்ளிக்கு அருகில் வீடு வாங்கிய பின்னும், அம்முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும் என்பது விதி. பொய்யான முகவரி கொடுத்து நீதிமன்றம் வரை சென்றோரும் உண்டு. பிள்ளை அகரமோ ஆங்கில எழுத்தோ கற்குமுன்பே பெற்றோர் இத்துணைப் பாடுபடுவதைக் காண்போர் நகைக்கக்கூடும். நாம் நகைக்கப் போவதில்லை. இந்த அச்சத்துக்கு வேர் உண்டு.

1979ஆம் ஆண்டு டாக்டர் கோ கெங் சுவீ தலைமையில் அமைந்த குழு கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இருமொழிக் கல்வியின் சுமை தாங்காமல் பல பிள்ளைகள் பள்ளியைப் பாதியில் விட்டு நீங்குவதை அது எடுத்துக்காட்டியது. அதன் விளைவாகத் தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்து வெவ்வேறு பிரிவுகளில் வைக்கும் முறை வந்தது. பிறகு அது நான்காம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டு, இ.எம்.1, இ.எம்.2, இ.எம்.3 என்ற பெயர்களால் வழங்கியது. படிப்பை விட்டு நீங்குவோர் தொகையைக் குறைக்கவே அம்முறை வந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் பத்து வயதில் 'மூன்றாம் பிரிவு' என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளைக்கு அப்பெயர் எளிதில் மறக்குமா? போதாக்குறைக்கு, 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ச்சியின்படி வரிசைப்படுத்தி வெளியிடும் வழக்கமும் தொடங்கியது. புகழ்பெற்ற உயர்நிலைப் பள்ளியோடு இணைந்த தொடக்கப்பள்ளியில் இடம் பிடித்துவிட்டால் பின்னால் வழி எளிதாகும் என்று பெற்றோர் கணக்கிட்டனர். அக்கணக்கில் தவறில்லை, இணைப்புப் பள்ளி மாணவர்க்கு முன்னுரிமை இருந்தது, இன்றும் இருக்கிறது. அக்காலத்தில் மாணவராய் இருந்தவர்களே இன்றைய பெற்றோர். தாம் பட்ட அச்சத்தையே அவர்கள் தம் பிள்ளைக்கும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

அதற்குப் பின் எத்தனையோ மாறிவிட்டது. பள்ளிகளைத் துல்லியமாக வரிசைப்படுத்துவது 2004இல் நின்றது. மூன்றாம் பிரிவு 2008இல் மறைந்தது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற பிள்ளையின் பெயரை வெளியிடும் வழக்கம் 2012 முதல் இல்லை. 2021 முதல் அத்தேர்வில் ஒரு பிள்ளையின் மதிப்பெண் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுவதும் இல்லை. எனினும் கவலை குறைந்ததா? குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிடும் தொகை 2018 அளவில் ஆண்டுக்கு 140 கோடி வெள்ளி. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 180 கோடி வெள்ளியாக உயர்ந்திருந்தது.

பள்ளிக்குப் பள்ளி உண்மையில் வேறுபடுவதுதான் என்ன? பாடத்திட்டம் ஒன்றே. ஆசிரியர்கள் பெரும்பாலும் தேசியக் கல்விக் கழகம் என்னும் ஒரே இடத்தில் பயிற்சி பெற்றவர்கள். தலைமையாசிரியர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்வி அமைச்சு வேறு பள்ளிக்கு மாற்றுகிறது. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் வகுப்புக்கு 30 பிள்ளைகள் அளவில் இருப்பதும் பொதுவான ஏற்பாடே. வேறுபடுபவை, உடன்பயிலும் பிள்ளைகளின் குடும்பச் சூழல், முன்னாள் மாணவர் தரும் ஆதரவு, பள்ளியின் பெயர் ஆகியனவே. இவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒரே பள்ளியின் இரு வகுப்பறைகளுக்கு இடையே இருக்கக்கூடும் என்பது நம் எண்ணம். வகுப்பாசிரியர் யாரென்று பதிவுக் காலத்தில் எவராலும் சொல்ல முடியாதே!

அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியல் அறிஞர் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1966இல் ஓர் அறிக்கை அளித்தார். பள்ளியின் கட்டடம், நூலகம், செலவிடும் பணம் ஆகியவற்றைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணியே தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது என்று அவர் கண்டார். இதை மட்டும் எடுத்துக்கொண்டு, பள்ளியால் பயனில்லை என்று வாதிடுவோர் உண்டு. அதே அறிக்கை மற்றொன்றும் கூறியது: வீட்டில் துணையற்ற பிள்ளைகளுக்கே ஆசிரியரின் திறமும் பள்ளியின் தரமும் கூடுதலாகப் பயன் தருகின்றன. வீடு நிறையப் புத்தகமும், மாலையில் பாடம் சொல்லித்தரத் தாய் தந்தையரும் உள்ள பிள்ளை எப்பள்ளியிலும் படித்துக்கொள்ளும். அப்பிள்ளையின் வீட்டில்தான் கவலை மிகுதியாக இருக்கிறது. இரவு வேலைக்குச் செல்லும் தந்தைக்கும், பகலெல்லாம் கடையில் நிற்கும் தாய்க்கும் கவலைப்படவும் நேரமில்லை. ஆனால் பள்ளியின் தரம் அவர்கள் பிள்ளைக்கே உயிர்நாடி.

நம் தமிழர்க்கு இதில் தனிப்பட்டதோர் அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் பல இருந்தன. 1956ஆம் ஆண்டின் அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவேண்டும் என்றது. ஆனால் சட்டத்தில் சமம் என்பது வேறு, வேலை தேடும் இடத்தில் சமம் என்பது வேறு. ஆங்கிலம் அறிந்தவனுக்கு அலுவலகக் கதவு திறந்தது. ஆகவே பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக ஆங்கிலப் பள்ளியை நாடினர். பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளி நலிந்தது. நலிந்த பள்ளியைக் கண்டு எஞ்சிய பெற்றோரும் அஞ்சினர். கடையநல்லூர் முஸ்லிம்களின் முயற்சியால் 1946இல் தொடங்கி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதுவே சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளி. அப்பெற்றோரை நாம் குறை கூறவில்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் அறிவுடையதே. எல்லா முடிவுகளும் சேர்ந்து செய்த வேலையை எவரும் விரும்பிச் செய்யவில்லை. உமறுப் புலவர் பெயர் இன்று சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் தமிழ்மொழி நிலையத்துக்கு விளங்குகிறது.

அதே பீட்டி சாலையில் சிண்டாவும் இருக்கிறது. இந்திய மாணவரின் தேர்ச்சி, சிறப்பாகக் கணிதத்தில், பின்தங்கியிருப்பதைக் கண்டு 1989இல் ஒரு செயற்குழு அமைந்தது. அதன் பரிந்துரையால் 1991இல் சிண்டா பிறந்து, குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகளை நடத்தத் தொடங்கியது. அதுவும் கவலையில் பிறந்ததே. ஆனால் தன் பிள்ளைக்கு ஓர் இடம் என்று முடிந்துவிடாமல், ஊரார் பிள்ளையையும் எண்ணிய கவலை அது.

இன்று பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு இல்லை. பெயர் பெற்ற பள்ளியில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இதைக் கவனியாதோர், பிறகு தமிழுக்கென்று பிள்ளையை வேறோர் இடத்துக்கு அனுப்ப நேரிடுகிறது. களைத்த பிள்ளைக்குத் தமிழே ஒரு தண்டனையாகத் தோன்றினால் வியப்பென்ன? வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் 2.5 பேர். இந்த எண்ணைப் பற்றி ஜூலைத் திங்களில் எவரும் கவலைப்படக் காணோம்.

பள்ளியின் பெயரை விசாரிப்பதோடு, வீட்டிலிருந்து அங்கே செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். ஏழரை மணி வகுப்புக்கு ஐந்து மணிக்கே எழும் ஏழு வயதுப் பிள்ளை பத்து மணி வகுப்பில் உறங்கிவிழும். அங்கே நல்ல ஆசிரியர் இருந்தும் பயனில்லை. தமிழ் கற்பிப்போர் எத்தனை பேர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதலாம் ஆண்டில் என்ன உதவி கிடைக்கும், பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வதானால் மாலை வரை பள்ளியிலேயே பராமரிப்பு உண்டா என்பனவும் கேட்கத் தக்கவை. தொலைபேசியில் அழைத்தால் பள்ளி அலுவலகத்தார் இவற்றுக்குப் பொறுமையாக விடை கூறுவர். பதிவு தொடங்கிய பின்னர் அவர்களுக்கு ஓய்விராது. ஜூன் விடுமுறைக்கு முன்பே கேட்பது நலம்.