மரவள்ளி – உணவும் நஞ்சும்

காங்கோ நாட்டின் தென்மேற்கே குவாங்கோ ஆற்றையொட்டி யாக்கா மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் மொழியில் 'கொன்சோ' என்றால் 'கட்டப்பட்ட கால்கள்' என்று பொருள். அது ஒரு நோயின் பெயருமாகும். நேற்றுவரை ஓடியாடிய சிறுமிக்குத் திடீரென இரு கால்களும் விறைத்துப் போகும். பிறகு ஆயுள் முழுவதும் கோலூன்றித்தான் நடக்க வேண்டும். இந்நோயை 1938இல் திரோல்லி என்ற மருத்துவர் ஏட்டில் பதிவு செய்தார். இதற்குக் காரணம் அவர்கள் அன்றாடம் உண்ணும் மரவள்ளிக் கிழங்கே என்பது பின்னர் தெளிவாயிற்று.

சேலம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லி, ஜவ்வரிசி ஆலைகளுக்கு வண்டி வண்டியாக அனுப்புகிறார்களே, அதே கிழங்குதான். ஆப்பிரிக்காவிலோ கோடிக்கணக்கான மக்களுக்கு அதுவே சோறு. தென் அமெரிக்காவில் பிறந்த இச்செடியைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டு சென்றனர். இன்று உலகிலேயே மிகுதியாக மரவள்ளி விளைவது நைஜீரியாவில். வளமற்ற மண்ணிலும் விளையும்; மழை பொய்த்தாலும் தாங்கும்; வேண்டும்போது தோண்டிக் கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே விட்டு வைக்கலாம். நூறு கிராம் பச்சைக் கிழங்கு ஏறத்தாழ 160 கலோரி ஆற்றல் தரும். ஆனால் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது.

கிழங்கிலுள்ள நஞ்சு செடியின் தற்காப்பு ஏற்பாடு. லினமாரின் என்ற பொருளும், அதைச் சிதைக்கும் நொதியும் கிழங்கில் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கிழங்கைக் கடித்தாலோ நறுக்கினாலோ இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். கசப்பு வகைகளில் இது மிகுதி. அப்படியிருந்தும் பல குடியானவர்கள் கசப்பு வகையையே விரும்பி நடுகிறார்கள். பன்றியும் குரங்கும் அதைத் தீண்டா; திருடனும் தொடமாட்டான்!

இந்த நஞ்சை நீக்கும் வித்தையை ஆப்பிரிக்கப் பெண்கள் வேதியியல் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. நைஜீரியாவில் 'கர்ரி' செய்யும் முறையைப் பாருங்கள். கிழங்கின் தோலைச் சீவித் துருவுகிறார்கள். துருவலைச் சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றி இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். சாறு வடிகிறது, மாவு புளிக்கிறது. பிறகு சலித்து அகன்ற சட்டியில் வறுக்கிறார்கள். துருவும்போதே நொதி தன் வேலையைத் தொடங்கி விடுகிறது. உண்டாகும் சயனைடு எளிதில் ஆவியாகும் பொருளாதலால், மிஞ்சியதும் வறுக்கும் சூட்டில் பறந்து விடுகிறது. கர்ரியைக் கொதிநீரில் கிளறினால் நம் களி போன்ற 'எபா' கிடைக்கும். காங்கோவில் முறை வேறு. கிழங்கை மூன்று நான்கு நாள் நீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, இடித்து மாவாக்கி 'ஃபுஃபு' கிளறுவார்கள்.

எபாவையோ ஃபுஃபுவையோ யாரும் தனியே உண்பதில்லை. காங்கோவில் மரவள்ளி இலையையே உரலில் இடித்து, நெடுநேரம் வேகவைத்து, செம்பனை எண்ணெய் விட்டு 'பொண்டு' சமைப்பார்கள். நூறு கிராம் பச்சை இலையில் ஏழு கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. செம்பனை எண்ணெயின் சிவப்பு நிறம் கரோட்டின். உடலில் அது வைட்டமின் ஏ ஆகிறது. மொசாம்பிக்கில் அதே இலையை நிலக்கடலையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து 'மத்தாப்பா' ஆக்குவர். கருவாடும் தட்டைப்பயறும் பல இடங்களில் துணைக்கு வரும். மீன் துண்டு நாவின் சுவைக்கு மட்டுமன்று. மீனிலுள்ள கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களைக் கொண்டுதான், உள்ளே சென்ற சிறிதளவு சயனைடையும் நம் உடல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

அப்படியானால் கொன்சோ எப்படி வருகிறது? 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாநிலத்தில் கடும் வறட்சி. மற்றப் பயிரெல்லாம் கருகிவிடக் கசப்பு மரவள்ளி ஒன்றே மிஞ்சியது. வறட்சியால் அதில் நஞ்சும் கூடியிருந்தது. மீனுமில்லை, பயறுமில்லை. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் எந்தத் தாய் காத்திருப்பாள்? ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கால் முடங்கினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செய்முறை அவர்களுக்குத் தெரியாமலில்லை. அதற்கு வேண்டிய நாட்கள்தான் அவர்களிடம் இல்லை.

இதற்கு ஓர் எளிய வழியை ஆஸ்திரேலிய அறிவியலார் கண்டறிந்தனர். உலர்ந்த மரவள்ளி மாவில் நீர் விட்டுப் பிசைந்து, பாயில் மெல்லியதாகப் பரப்பி நிழலில் ஐந்து மணி நேரம் விட்டால் போதும். வெயிலில் இரண்டு மணி நேரமே. மாவில் எஞ்சியிருந்த நஞ்சில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. காங்கோவின் கய் கலெண்டா என்ற சிற்றூரில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் பெண்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தனர். அம்முறையைக் கையாண்ட காலத்தில் அவ்வூரில் புதிதாக எவருக்கும் கொன்சோ வரவில்லை. அந்த மாவில் கிளறிய ஃபுஃபுவில் கசப்பில்லை என்பதால் ஊராருக்கு அது பிடித்தும் போயிற்று.