ஒரே பந்தி: சேரன்மாதேவி குருகுலத்தின் வரலாறு

பள்ளி விடுதி என்பது உண்பதற்கும் உறங்குவதற்கும் உரிய இடம் மட்டும் அன்று. வெவ்வேறு ஊர்களிலும் குடும்பங்களிலும் பிறந்த மாணவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழப் பழகும் இடமும் அதுவே. வகுப்பறையில் கற்பிக்கப்படும் நெறியை விடுதி வாழ்க்கை மெய்ப்பிக்கவும் கூடும், பொய்யாக்கவும் கூடும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணி ஆற்றங்கரையில் இருந்த ஒரு விடுதியின் உணவுப் பந்தியில் எழுந்த கேள்வி, தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது.

தேசியக் கல்வியின் தோற்றம்

1920ஆம் ஆண்டில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். ஆங்கில அரசின் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அவர் அழைத்தார். வெளியேறியவர்கள் எங்கே கற்பது? இவ்வினாவுக்கு விடையாக நாடெங்கும் தேசியக் கல்வி நிலையங்கள் தோன்றின. அகமதாபாத்தில் குஜராத் வித்யாபீடம் எழுந்தது. காசியில் காசி வித்யாபீடம் பிறந்தது. அலிகாரில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா தொடங்கப்பெற்றுப் பின்னர்த் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. தமிழ்நாட்டில் அவ்வகையில் உருவானதே தமிழ்க் குருகுலம் ஆகும்.

வ. வே. சு. ஐயர்

குருகுலத்தை நிறுவியவர் வ. வே. சு. ஐயர். இவர் 1881ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் பட்டத்திற்குப் படிக்க லண்டன் சென்றவர், அங்கு விடுதலைப் புரட்சியாளர்களோடு இணைந்தார். ஆங்கில அரசின் பிடியில் சிக்காமல் 1910ஆம் ஆண்டு புதுச்சேரியை அடைந்து, பாரதியார், அரவிந்தர் ஆகியோருடன் பழகினார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பின்னர்ப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றிற்காகச் சிறை சென்றபோது, பெல்லாரிச் சிறையில் இருந்தவாறே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதினார்.

சிறையிலிருந்து மீண்ட ஐயர், 1922ஆம் ஆண்டு திருநெல்வேலிப் பகுதியில் உள்ள கல்லிடைக்குறிச்சியில் குருகுலத்தைத் தொடங்கினார். விரைவில் அது அருகிலுள்ள சேரன்மாதேவிக்கு மாற்றப்பட்டது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் பயின்றனர். ‘பாலபாரதி’ என்னும் இதழும் அங்கிருந்து வெளிவந்தது. தமிழ்நாடு காங்கிரசுக் குழு, குருகுலத்திற்கு 10,000 ரூபாய் நன்கொடை அளிக்க இசைந்து, முதலில் 5,000 ரூபாய் வழங்கியது. பொதுமக்களும் மனமுவந்து பொருள் உதவினர். அவர்களுள் பிராமணர் அல்லாதார் பலர்.

பந்தியில் எழுந்த கேள்வி

குருகுலத்து மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றாக அமர்ந்தே உண்டனர். ஆயினும் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. செய்தி வெளியே பரவியதும் தமிழகத்தில் பெரும் விவாதம் மூண்டது.

டாக்டர் பி. வரதராசுலு நாயுடுவும், அந்நாளில் காங்கிரசுத் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய ஈ. வெ. இராமசாமியும் இவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தனர். பின்னாளில் பெரியார் எனப் போற்றப்பட்டவர் இவரே. பொதுமக்களின் பணத்தால் நடைபெறும் தேசிய நிறுவனத்தில் பிறப்பால் உயர்வு தாழ்வு பார்ப்பது தகாது என்பது அவர்களின் வாதம். தனிப்பந்தியைக் காணும் சிறுவன், தான் தாழ்ந்தவன் என்று நாள்தோறும் கற்றுக்கொள்வான். அந்தப் பாடத்தை எந்த நூலாலும் அழிக்க இயலாது அன்றோ?

ஐயர் தரப்பிலும் ஒரு விளக்கம் இருந்தது. அச்சிறுவர்களின் பெற்றோருக்குத் தாம் வாக்குறுதி அளித்திருப்பதாகவும், அதனை மீற இயலாது என்றும் அவர் கூறினார். ஒருபுறம் கொடுத்த வாக்கு. மறுபுறம் மாணவர் அனைவரின் மானம். எதனைக் காப்பது என்பதே சிக்கலாயிற்று.

1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தமிழ்நாட்டிற்கு வந்த காந்தியடிகளிடம் இச்சிக்கல் கொண்டுசெல்லப்பட்டது. முன்னரே சேர்ந்துவிட்ட இருவர் வகையில் வாக்குறுதியைக் காக்கலாம் என்றும், இனிமேல் பொதுப்பந்தியில் உண்ண இசையாதவரைச் சேர்க்கலாகாது என்றும் அவர் நடுவழி ஒன்றைக் கூறினார். அதனால் விவாதம் ஓயவில்லை. அடுத்த மாதம் திருச்சிராப்பள்ளியில் கூடிய தமிழ்நாடு காங்கிரசுக் குழு, தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் நிறுவனங்கள் பிறப்பின் அடிப்படையில் வேற்றுமை பாராட்டலாகாது என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

விளைவுகள்

ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925ஆம் ஆண்டு சூன் மாதம் பாபநாசம் அருவிக்குச் சென்றபோது, நீரில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றக் குதித்து அவர் உயிர்நீத்தார். அவருக்குப் பின் குருகுலம் முன்போல் நிலைபெறவில்லை. அதே ஆண்டின் நவம்பர் மாதத்தில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமையால் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தார். அப்பிரிவிற்குக் குருகுலப் போராட்டமும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

சேரன்மாதேவியில் எழுந்த கேள்வி பின்னர் நாடு முழுவதற்கும் உரிய கேள்வியாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிலையங்களில் சாதி, சமயம், இனம், மொழி ஆகியவற்றைக் காரணம் காட்டி எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணச் செய்தது. இன்று எந்த மாநிலத்து விடுதியிலும் மாணவர்கள் தோளோடு தோள் அமர்ந்து உண்பது இயல்பாகத் தோன்றலாம். அவ்வியல்பு தானாக வந்ததன்று. கேட்கத் துணிந்தவர்களால் வந்தது.

சொற்பொருள்
பந்தி – உண்பதற்கு வரிசையாக அமர்தல்
இசைதல் – உடன்படுதல்
மூண்டது – கிளர்ந்து எழுந்தது
தகாது – பொருந்தாது

பயிற்சி
1. தேசியக் கல்வி நிலையங்கள் தோன்றியதன் காரணம் யாது?
2. குருகுலத்தில் எழுந்த சிக்கலில் இரு தரப்பினரின் வாதங்களையும் எழுதுக.
3. காந்தியடிகள் கூறிய நடுவழி யாது? அது போதுமானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. பொருத்துக: வரகனேரி, பாலபாரதி, மதிய உணவு – இதழ், காமராசர், வ. வே. சு. ஐயர்.