வயரைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்

ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஓடும் கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. சென்னை ரிச்சி தெரு மாதிரியான கடைவீதியில் மீட்டர் கணக்கில் வயரும், தனியாகப் பின்களும் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 5 மீட்டர் தூரத்துக்குப் போக, வர மின்தடை சுமார் 0.12 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ‘ஆக்சிஜன் இல்லாத செம்பு’ என்ற அடைமொழிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு காதுவரை போய்ச் சேர்வதில்லை என்பது என் கட்சி.

ஏமாற்று நடப்பது வேறிடத்தில். செம்பு என்று விற்கப்படும் வயர்களில் சில, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அதே தடிமனில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அடிக்கடி வளைத்தால் இழைகளும் சீக்கிரம் ஒடியும். ஓர் இழையைப் பிரித்து பிளேடால் அழுத்திச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிவந்தால் பயமில்லை, அது வெள்ளீயம் பூசிய செம்பு. அலுமினிய வயரை அதன் பெயரைச் சொல்லி விற்பதில் தவறில்லை. செம்பென்று விற்பதுதான் மோசடி.

பின்களில் தங்கமுலாம் ஒலியைக் கூட்டாது. துருப்பிடிக்காமல் இருக்கும், கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அது போதும். அதைவிட, ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுவரும் கேபிளையும் செய்வதானால், கேபிளை இறுகப் பிடிக்கும் கிளாம்ப் உள்ள ஆர்சிஏ பின்தானா என்று பாருங்கள். சால்டர் வைக்கும் முன் பின்னின் மூடியைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான். நடு ஊசிக்கு உள் கம்பி, வெளி வளையத்துக்கு ஷீல்டு. முடித்ததும் மல்டிமீட்டரில் நடுவுக்கும் வெளிக்கும் வைத்துப் பாருங்கள், ‘பீப்’ வரக் கூடாது. ஸ்பீக்கர் வயரில் இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டால் ஆம்ப்ளிஃபயரே போய்விடலாம். சால்டரில் ஈயம் இருக்கலாம், புகையும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

உயிருக்கே ஆபத்தானவை இரண்டு. ஸ்பீக்கர் வயரின் முனையில் மாட்டும் பனானா பிளக்கின் விட்டம் 4 மில்லிமீட்டர். நம் வீட்டு யுனிவர்சல் சாக்கெட்டில் அது நுழைந்துவிடும், குழந்தைகள் உள்ள வீட்டில் கழற்றிய வயரைத் தரையில் போடாதீர்கள். இரண்டாவது, ‘ஊம்’ என்ற இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுவது. இரைச்சல் நிற்கலாம், ஆனால் உள்ளே கசிவு ஏற்பட்டால் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும். 230 வோல்ட் பவர் கார்டை மட்டும் சொந்தமாகச் செய்யாமல் ஐஎஸ்ஐ முத்திரையுள்ளதாக வாங்குங்கள். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

சுரண்டிய இழை வெள்ளையாக இருந்தால் என்ன செய்வது? பில்லில் ‘செம்பு’ என்று எழுதச் சொல்லி வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்கும். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் கடைக்காரர் பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சுரண்டிய இழையைப் படமெடுத்து, முதலில் கடைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையென்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.